புதிய வீட்டுக்கு எந்த அடுப்பு?

மண்சரிவினாலோ, மண்சரிவு அபாயம் என்ற அறிவித்தலினாலோ லயத்தையும் மரக்கறிப் பாத்திகளையும் விட்டு வெளியேறிய குடும்பங்களுக்குப் புதிய வீடு ஒன்று கிடைக்கும்போது, காணி உறுதி, கூரை, தண்ணீர், பாதை என்று எத்தனையோ விடயங்கள் கூட்டங்களில் பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவைதான். ஆனால் அடுப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வரைபடத்தில் சமையலறை என்று ஒரு சிறு சதுரம் இருக்கும். அத்துடன் காரியம் முடிந்துவிடும். குடிபுகுந்த மறுவாரம் அந்தச் சதுரத்துக்குள் புகை நிறைந்து, பூசிய சுவர் கறுத்துப்போக, வீட்டுக்காரர் பின்பக்கத்து மண்மேட்டை வெட்டித் தகரம் சாய்த்து அங்கே மூன்று கல்லை வைப்பார். மண்சரிவுக்குப் பயந்து வந்தவர்கள் மீண்டும் மண்மேட்டின் காலடியிலேயே உட்கார்ந்து சமைக்கத் தொடங்குவார்கள்.

எனவே அடுப்பு எது, அது நிற்கும் இடம் எது, அதன் புகை போகும் வழி எது என்பவற்றைச் சுவர் எழும்புமுன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பதே நமது எண்ணம். சுவர் எழும்பிய பின் ஓட்டை போடுவதற்குச் செலவும் அதிகம், மனமும் வராது.

நோர்வூட்டுக்கும் புதிய வீடுகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில்தான், மலையகத்துக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 4000 வீடுகளுக்கு மேலதிகமாக இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு, அதில் இரண்டு அறைகள், ஒரு மண்டபம், சமையலறை, மலசலகூடம் என்பது அத்திட்டத்தின் அளவு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்ணும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு மலைநாடெங்கும் சரிந்த மண்ணும் இவ்வாறான வீடுகளின் தேவையை மேலும் கூட்டிவிட்டன. 550 சதுர அடிக்குள் புகை புகுந்தால் ஒதுங்கி உட்கார வேறு இடமில்லை என்பதை நாம் மனதிற்கொள்ள வேண்டும். லயத்தில் இஸ்தோப்பிலாவது உட்காரலாம்.

பெரிய கணப்பும் சிறிய கணக்கும்

நமது பகுதியில் "குளிருக்கு நெருப்பு" என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது துரை பங்களாவின் கணப்புத்தான். சுவரோடு சுவராகக் கல்லால் கட்டி, மேலே புகைபோக்கி வைத்த அந்தக் கணப்பைப் பார்த்து, "நம்ம வீட்டுக்கும் அப்படியொன்று வைத்தால் என்ன?" என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. ஆசை நியாயமானது. லயக்காம்பராவில் நான்கு தலைமுறை குளிரில் நடுங்கியிருக்கிறது. ஆனால் பார்வைக்கு அழகான அந்தக் கணப்பு விறகை வீணாக்குவதில் முதலிடம் பெறுவது. திறந்த வாயின் வழியாக அறையிலுள்ள சூடான காற்றையெல்லாம் இழுத்துப் புகைபோக்கியால் வெளியே தள்ளிவிடும். கதவு இடுக்குகளால் வெளிக்குளிர் உள்ளே வரும். விறகிலுள்ள வெப்பத்தில் பத்தில் ஒரு பங்களவே அறையில் தங்கும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1796இல், ரம்ஃபோர்ட் பிரபு என்பவர் ஐரோப்பியக் கணப்புகளின் இந்தக் குறையை எழுதிக்காட்டி, ஆழத்தையும் தொண்டையையும் குறுக்கிக் கட்டச் சொன்னார். பங்களாவில் விறகு வெட்டவும் சுமக்கவும் வேறு ஆட்கள் இருந்தார்கள். நம் வீட்டில் சுமப்பவர் கொழுந்து எடுத்துவிட்டு வரும் அம்மாதான்.

மூன்று கல் அடுப்பும் இதைவிட அதிகம் மேலானதல்ல. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 5 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பம், நன்றாகக் காய்ந்த விறகில் 110 கிராம் அளவிலேயே அடங்கியிருக்கிறது. கைப்பிடி விறகு. ஆனால் மூன்று கல்லில் நாம் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவரை எரிக்கிறோம். ஏனென்றால் அங்கே 10 முதல் 15 வீதம் வெப்பம் மட்டுமே பானையைச் சேர்கிறது. மிகுதி, பக்கங்களால் காற்றோடு போகிறது. எரியாத புகையாக நெஞ்சுக்குள்ளும் போகிறது. புகை என்பது எரிந்து முடிந்த விறகல்ல, எரியாமல் தப்பிய விறகு. இதை விளங்கிக்கொண்டால் அடுப்பைப் பற்றிய பாதி விளங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹற்றன், நோர்வூட் பக்கங்களில் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடியளவு உயரத்தில் வாழ்கிறோம். இங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, 96 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பும் கடலையும் கொழும்பில் வேகும் நேரத்தில் இங்கே வேகாது. நெருப்பைக் கூட்டினால் விரைவில் வேகும் என்று நினைப்பது தவறு; கொதிக்கும் தண்ணீர் அதற்குமேல் சூடாகாது, ஆவிதான் கூடும். முதல்நாள் இரவே ஊறப்போடுவதும், மூடி போட்டு மெல்லிய நெருப்பில் வைப்பதுமே இங்கே விறகை மிச்சப்படுத்தும்.

மண் அதிகமானால் நல்லதா?

1976 பெப்ரவரியில் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டு, மலைநாட்டு ஏழை விவசாயக் குடும்பங்கள் வீடிழந்தன. அதையடுத்த ஆண்டுகளில் அங்கே மண்ணையும் மணலையும் குழைத்து "லொரேனா" என்ற பெரிய அடுப்பொன்றைக் கட்டக் கற்பித்தார்கள். புகைபோக்கியும் உண்டு. வீடு சுத்தமாயிற்று, பெண்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் பின்னர் அளந்து பார்த்தபோது பல வீடுகளில் விறகு குறையவில்லை. காரணம் எளிது. அத்தனை பெரிய மண்மேடு சூடேறும்வரை நெருப்பின் வெப்பத்தை அதுவே குடித்துவிடுகிறது. பானைக்குக் கிடைப்பது மிச்சம். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, பிரட்டுக்கு முன் ரொட்டி சுட்டு, பிள்ளையை மடுவத்தில் விட்டுப்போகும் நமது தாய்மாருக்கு அடுப்பு சூடேறும்வரை காத்திருக்க நேரம் இல்லை.

இந்தியாவிலும் ஒரு பாடம் உண்டு. 1983இல் தொடங்கி 2002இல் முடிவுற்ற தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தின் கீழ் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்டன. அவற்றுள் பெருந்தொகை சில வருடங்களுக்குள் கைவிடப்பட்டது. பானைக்குப் பொருந்தாத துளை, கரி அடைத்த குழாய், உடைந்தால் திருத்த ஆளில்லாமை ஆகியவை முக்கிய காரணங்கள். வீட்டுப் பெண்களைக் கேட்காமல் கட்டிய அடுப்பு விறகு வைக்கும் திண்ணையாகிவிடும்.

நமது நாட்டிலேயே இவற்றுக்கெல்லாம் நடுவழியாக ஒன்று உருவாகியது. 1970களின் கடைசியில் சர்வோதயம் அறிமுகப்படுத்திய இரு பானை மண் அடுப்பிலிருந்து தொடங்கி, இலங்கை மின்சார சபை, இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு, கண்டியிலுள்ள ஐடியா நிறுவனம் ஆகியவை குயவர்களோடு சேர்ந்து உழைத்ததன் பயனாக "அனகி" அடுப்பு வந்தது. சிங்களத்தில் அனகி என்றால் மதிப்புமிக்கது என்று பொருள். சூளையில் சுட்ட களிமண்ணால் ஒரே துண்டாகச் செய்யப்படுவது. முன்னால் ஒரு விறகுவாய், மேலே இரண்டு பானைகளுக்கு இடம். முதல் பானையைச் சூடாக்கிய தீயும் சூடான காற்றும் ஒரு வழியால் இரண்டாவது பானைக்குச் செல்லும். மூன்று கல்லோடு ஒப்பிட்டால் விறகில் மூன்றில் ஒரு பங்களவு மிச்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குயவர் கையால் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டு நாடெங்கும் விற்பனையாகியிருக்கிறது. இனாமாகக் கொடுக்காமல் விலைக்கு விற்றதே அது நிலைத்ததற்குக் காரணம் என்று நாம் நினைக்கிறோம்.

நமது சிபாரிசு இதுதான்: தோட்டப்புறத்துப் புதிய வீட்டுக்கு, அனகி போன்ற இரு பானைக் களிமண் அடுப்பு, அதை உயர்த்திய மேடையில் மண் பூசி அமைத்தல், அதற்கு மேலே புகை வெளியேறும் வழி. நமக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அனகியின் விறகுவாய் சிறியது. தடித்த கட்டை அதற்குள் நுழையாது. நமக்கு இலகுவாகக் கிடைப்பதோ கவ்வாத்து மிலாறு. பெருவிரல் தடிப்பிலுள்ள தேயிலை மிலாறுக்கென்றே செய்ததுபோல் அந்த வாய் இருக்கிறது. யூக்கலிப்டஸ் கட்டை கிடைப்பவர்கள் அதைப் பிளந்து மெல்லியதாக்கிக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது அடுப்பைத் தூக்கி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாகச் சுட்டது. மந்தமாகக் கேட்டால் எங்கோ வெடிப்பு இருக்கிறது, அல்லது சூடு போதவில்லை. வீட்டிலே சோறு காய்ச்சும் பானையைக் கையோடு கொண்டுபோய் அடுப்பில் வைத்துப் பார்ப்பது வெட்கப்படவேண்டிய காரியமல்ல. பானை, உள்ளேயுள்ள குமிழ்களின்மேல் ஆடாமல் உட்கார வேண்டும். சுற்றிலும் விரல் நுழையுமளவு இடைவெளிக்குமேல் இருக்கக்கூடாது. இடைவெளி கூடினால் தீ வெளியே ஓடும். அறவே இல்லாவிட்டால் புகை முன்வாயால் முகத்துக்கு வரும்.

வாங்கிய அடுப்பை அப்படியே தரையில் வைத்து எரிப்பவர்கள் உண்டு. வெற்று அடுப்பு விரைவில் வெடிக்கும். கல்லால் இரண்டு, இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதன்மேல் அடுப்பை வைத்து, புற்றுமண் அல்லது களிமண்ணோடு உமியோ நறுக்கிய வைக்கோலோ சாணியோ கலந்து குழைத்துச் சுற்றிலும் மூன்று நான்கு அங்குலம் பூசிவிட வேண்டும். உமி, வைக்கோல் கலந்த மண் வெப்பத்தை அதிகம் குடிக்காமல் தடுத்துவைக்கும். சீமெந்து பூசாதீர்கள், சூட்டில் வெடிக்கும். மேடை உயரமானால் குனிய வேண்டியதில்லை; தவழும் பிள்ளையின் கைக்கும் தீ எட்டாது. நமது பகுதியில் சுடுதண்ணீரிலும் தீயிலும் காயப்பட்ட பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இந்த இரண்டு அடியின் அருமை தெரியும்.

புகை போகும் வழி

அனகி அடுப்புக்குத் தனியான புகைபோக்கி கிடையாது. புகையைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. இதை மறைத்து அடுப்பை மட்டும் புகழ்வது சரியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2020ஆம் ஆண்டில் வீட்டுச் சமையல் புகையால் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள்; அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2,37,000 பேருக்கு மேல். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய "லவுதாத்தோ சி" சுற்றுமடலின் 20ஆம் பத்தியில், சமைக்கவும் குளிர்காயவும் எரிக்கும் பொருட்களின் புகையால் மக்கள் நோயுறுவதைக் குறிப்பிட்டிருக்கிறார். உரோமாபுரியிலிருந்து எழுதியவருக்கும் நம் குசினிப் புகை தெரிந்திருக்கிறது. எரிவாயுவும் மின் அடுப்பும் எந்த விறகு அடுப்பையும்விடச் சுத்தமானவை. வசதியுள்ளவர்கள் காலைத் தேநீருக்காவது அவற்றைப் பாவிக்கலாம். ஆனால் 2022இல் எரிவாயு வரிசையில் நின்றவர்கள் எவரும் விறகடுப்பை இடித்துவிட மாட்டார்கள்.

புகைக்கு மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடியது, அடுப்புக்கு நேர்மேலே சுவரின் உச்சியில் ஓர் அகன்ற திறப்பும், எதிர்ப்பக்கச் சுவரின் கீழ்ப்பாகத்தில் காற்று வரும் வழியும் விடுவது. சூடான புகை தானாக மேலே போகும். கீழிருந்து வரும் காற்று அதைத் தள்ளிவிடும். தென்மேல் பருவக்காற்று உங்கள் காணிக்கு எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பதை ஆனி, ஆடி மாதங்களில் கவனித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் காற்று திரும்பித் திரும்பி அடிக்கும். பக்கத்துக் காணியில் சரியானது உங்கள் காணியில் சரியாகாது. காற்றடிக்கும் பக்கத்தில் திறப்பு வைத்தால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும்.

புகைபோக்கி கட்ட முடிந்தவர்கள் கட்டுவது இன்னும் நல்லது. அடுப்பின்மேல் கூடாரம் போலத் தகட்டாலோ செங்கல்லாலோ ஒரு கூடு அமைத்து, அதிலிருந்து ஐந்தாறு அங்குலக் குழாயைக் கூரை முகட்டுக்கு மேல் இரண்டடியாவது உயர்த்த வேண்டும். முகட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் காற்று புகையைத் திருப்பி அடிக்கும். பீ.வீ.சீ. குழாய் உருகி நஞ்சுப்புகை விடும்; அதை எக்காரணம் கொண்டும் பாவிக்க வேண்டாம். குழாய் கூரை மரத்தைத் தொடக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீண்ட கம்பில் சாக்கைக் கட்டிக் கரியை இழுத்துவிட வேண்டும். கூட்டின் வாயில் சாய்த்து மூடக்கூடிய ஒரு தகடு இருந்தால், இழுப்பு அதிகமாகித் தீ ஓடும்போது குறைத்துக்கொள்ளலாம். இல்லையேல் புகைபோக்கியே விறகைத் தின்னும்.

"சாமி, புகை இல்லாட்டி கூரை மரம் உளுத்துப்போகுமே, விதைச் சோளத்தை எங்க தொங்கவிடுறது?" என்று வயதான அம்மாமார் கேட்பதுண்டு. கேள்வியில் அனுபவம் இருக்கிறது. புகை பூச்சியைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் தகரக் கூரைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் உளுப்பு இல்லை. விதையை நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து, மூடியுள்ள தகரப் பேணியிலோ போத்தலிலோ வைத்தால் வண்டு அணுகாது. மிகுந்த சாம்பல் மரக்கறிப் பாத்திக்கு உதவும். நமது தேயிலை மண் புளிப்பு மண், சாம்பல் அந்தப் புளிப்பைக் கொஞ்சம் தணிக்கும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் சாம்பலை அளவோடு போடுங்கள். புளிப்பு குறைந்தால் கிழங்கில் சொறி நோய் வரும்.

ஈர விறகு

எந்த அடுப்பை வாங்கினாலும் ஈர விறகை வைத்தால் பயனில்லை. பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் பெரும்பகுதி செலவாகும். ஒரு கிலோ பச்சை விறகு, காய்ந்த விறகு தரும் வெப்பத்தில் பாதியளவே தரும். மலையிலிருந்து சுமந்து வருவது விறகல்ல, தண்ணீர்.

தை, மாசி, பங்குனி மாதங்களில்தான் நமக்கு வெயில். வைகாசி பிறந்தால் மழை. ஆகவே பங்குனிக்குள் சேர்த்த விறகே ஆடி மழையில் எரியும். ஒரு மலையில் கவ்வாத்து சில வருடங்களுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதால், மிலாறு கிடைக்கும் வருடத்தில் சேர்த்துவைக்க இடம் வேண்டும். 7 பேர்ச்சஸ் காணியில் மரக்கறிப் பாத்திக்கும் இடம் வேண்டும். சமையலறையின் வெளிச்சுவரோடு நாலடி அகலத்தில், கூரையை மட்டும் சற்று நீட்டி, நிலத்திலிருந்து ஓரடி உயர்த்திய தட்டில் விறகை அடுக்குவதே நமக்குத் தெரிந்த சிக்கனமான வழி. நாளைக்கு வேண்டிய விறகை மாத்திரம் அடுப்பு மேடையின் கீழ் வைத்தால் போதும்.

விறகு மிச்சப்படுவது பணத்துக்காக மட்டுமல்ல. சாரிபாத்து ஊர்க் கைம்பெண் நகர வாயிலில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எலியா இறைவாக்கினர் அவளைக் கண்டார் என்று விவிலியம் சொல்கிறது. சுள்ளி பொறுக்குகிறவள் மலையைக் காயப்படுத்துவதில்லை. சுள்ளி தீர்ந்தபின் கத்தியோடு போகிறவர் நிற்கும் மரத்தை வெட்டுகிறார். சரிவில் மண்ணைப் பிடித்திருந்த வேர் இறந்து சில ஆண்டுகளில் உக்கிவிடுகிறது. அடுத்த பெருமழைக்கு அந்தச் சரிவு என்ன செய்யும் என்பதை இந்த வாசகர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதே காரணத்துக்காகத்தான் சமையலறையைப் பெருப்பிக்கப் பின்மேட்டை வெட்டவேண்டாம் என்கிறோம். வெட்டியே ஆகவேண்டுமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

குளிருக்கு என்ன செய்வது?

சமையலுக்கு நல்ல அடுப்பு அறையைச் சூடாக்குவதில் சிறந்ததாக இராது. பானைக்குப் போகும் வெப்பம் அறைக்கு மிஞ்சாது. இதை அறிந்தே தெரிவு செய்ய வேண்டும். இரண்டாவது பானையில் எப்போதும் தண்ணீர் வைத்திருங்கள். சோறு வேகும் நேரத்தில் அந்தத் தண்ணீர் இலவசமாகச் சூடாகும். பிள்ளையைக் குளிப்பாட்டவும், மழையில் கொழுந்தெடுத்து வந்த கால்களைக் கழுவவும் உதவும். போத்தலில் அடைத்துத் துணி சுற்றிப் போர்வைக்குள் வைத்தால் முதியவர்களுக்கு நடுநிசிவரை சூடு இருக்கும். சமையலறையில் இருவர் உட்காரக்கூடிய ஒரு திண்ணையைச் சுவரோடு கட்டிவிட்டால் மாலைக் குளிருக்கு அதுவே போதும். படுக்கையறைக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஓட்டைகளை அடைப்பது ஒரு கணப்பைவிட அதிகம் பயன் தரும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தி உறங்குவது. தணலில் புகை இல்லை. ஆகவே ஆபத்தும் இல்லை என்று எண்ணுகிறோம். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் வாந்தியும் தோன்றலாம். உறங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. குளிர்காலத்தில் கைக்குழந்தையும் தாயும் இருக்கும் அறையில்தான் தணற்சட்டி வைக்கிறார்கள் என்பதனால் இதை அழுத்திச் சொல்கிறோம். பிரசவித்த தாய்க்கு வேது பிடிக்கும் வழக்கமுள்ள வீடுகளில், கதவைத் திறந்துவைத்து, முடிந்தவுடன் சட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

மண் பூசிய அடுப்பு நிழலில் ஒரு வாரமாவது காய வேண்டும். மழைக்காலமென்றால் பத்து நாள். காயுமுன் எரித்தால் முதல் நாளே வெடிக்கும். முதல் இரண்டு நாளும் சிறு சுள்ளியால் மெல்ல எரித்துப் பழக்குங்கள். புதிய வீட்டில் பால் காய்ச்சுவதற்கு மண்டபத்தின் நடுவில் மூன்று செங்கல்லை வைப்பது பலரது வழக்கம். அந்தப் பாலை உங்கள் புதிய அடுப்பிலேயே காய்ச்சலாம். வீட்டை ஆசீர்வதிக்கக் குருவானவரிடம் நாள் கேட்கும்போது, அந்த நாளிலிருந்து பத்து நாள் பின்னோக்கி எண்ணி, அதற்குள் அடுப்பு மேடையை முடித்துவிடும்படி மேசனிடம் சொல்லுங்கள்.